தொட்டாச்சுருங்கி, முக்காலிக்குக் கீழே, ஒன்று

அவரை நான் முதன்முதலில் பார்த்தது முதுகுப் பக்கமாகத்தான். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் கடையைத் திறக்க ஒரு காலையில் வருகிறேன். பூட்டிய கதவுக்கு முன்னால், படியில், காக்கிக் காற்சட்டையும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் குந்தியிருக்கிறார். பூட்டில் கை வைக்கிறாரோ என்று சத்தமில்லாமல் கிட்டப் போனேன். அவர் படியில் இருந்த வெடிப்பைப் பார்த்துத் தெளிவான குரலில், "நாயுருவி" என்றார். பிறகு இரண்டு விரலால் பிடித்து ஒரு திருகு திருகி, வேரோடு எடுத்தார். மண்ணை உதறி ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, "குடை இருக்குங்களா நானா? கம்பி பெலமா இருக்கணும்" என்று கேட்டார்.

முஸ்லிம் கடைக்காரரை எங்கள் ஊரில் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். என் கடையில் குடை, மம்பட்டி, மழைக்குக் கட்டும் படங்கு, புல் வெட்டும் சுரண்டி எல்லாம் உண்டு. தோட்டத்துச் சனங்களை நம்பித்தான் வியாபாரம். அவரோ ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில் புல்லுவெட்டுக் கங்காணியாக இருந்து பென்சன் எடுத்தவர். தேயிலைக்கு நடுவே முளைக்கும் களையை ஆள் வைத்து எடுப்பிப்பதுதான் அவர் பார்த்த வேலை. வேலை முடிந்துவிட்டது என்பதை மனிதர் ஒப்புக்கொண்டார். கைதான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏன் புல்லிடம் பெயர் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பெரட்டுல பேரு கூப்புடாம யாரையாச்சும் மலைக்கு அனுப்புவாங்களா நானா?"

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. கூப்பிட்டால், "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை.

"இதையும் நாம அனுப்பத்தானே போறோம்? போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பேரு சொல்லணுமா இல்லியா? பேரு தெரியாம புடுங்குறது புல்லு வெட்டு இல்ல, வெறும் வெட்டு."

தோட்டத்தில் 'பேரு' என்றால் ஒரு நாள் கூலி என்றும் பொருள். முழுநாள் வேலை செய்தால் ஒரு பேரு; பாதியில் விட்டால் அரைப்பேரு. இந்த அரைப்பேரை அவர் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவார். தொடங்கி நின்றுபோகும் மழை அரைப்பேரு மழை. சீனி போடாத தேத்தண்ணி அரைப்பேரு தேத்தண்ணி. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்று தெரிந்ததும், "படிப்புல அரைப்பேரு, பேச்சுல ரெண்டு பேரு" என்றார். அவர் சொன்னதில் பாதியை நான் பில் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதாததற்கும் காரணம் அவர்தான். "எங்கயும் என் பேரப் போட்டுறாதீங்க நானா. பேரு போட்டா வேலைக்கு வரணும். நான் பென்சன்காரன்" என்று ஒருமுறை கறாராகச் சொல்லிவிட்டார்.

அவருடைய மூத்த மகளின் கல்யாண அல்பத்தை என் கடையில் வைத்து விரித்துக் காட்டினார். மாலை மாற்றும் படத்தில் அவர் இல்லை. தாலி கட்டும் படத்தில் மணவறைக்குப் பின்னால் ஒரு குனிந்த முதுகு தெரிந்தது. பந்திப் படத்தில், வாசலோரம், அதே முதுகு. "இது நான்தான்" என்று விரல் வைத்துக் காட்டினார், பெருமையாக. "கோயில் முத்தத்த யாருமே கவனிக்கிறதில்ல நானா. ஐயரு மந்திரம் சொல்றாரு, அவரு காலுக்கிட்ட அருகம்புல்லு!"

ஆனால் கண்டதையெல்லாம் பிடுங்குகிற மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. பஸார் வீதி டிஸ்பென்சரிக்கு ஒரு தடவை அவரோடு போயிருந்தேன். சாடி ஒன்றில், அந்த டொக்டர் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த ஊதா நிறச் செடி. கங்காணி அதற்கு முன்னால் குந்திக்கொண்டார். நம்பர் கூப்பிட்டார்கள், எழும்பவில்லை. அடுத்த ஆளும் போய் வந்துவிட்டார்.

"என்ன கங்காணி?"

"பேரு தெரியல்ல நானா" என்றார், கடன்காரனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு. "நான் இதத் தொட ஏலாது."

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்தக் கடுதாசி வந்தது.

பதுளை நகரத்தின் நடுப்பகுதியைக் கலாசார ரீதியில் அபிவிருத்தி செய்வது என்று ஒரு திட்டம். ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் நடைபாதை, நீரூற்று, சின்ன மேடை, விளக்குகள், உட்கார வாங்குகள். அதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். திட்டத்தோடு அதுவும் மூடிக்கொண்டது. வியாபாரிகள் சார்பில் என்னைக் குழுவில் போட்டார்கள். தோட்டங்களுக்கும் கடுதாசி போனது. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் அது சரியாகத்தான் இருந்தது. தமிழில் மட்டும், 'நகர மத்தியின் களை அபிவிருத்தி' என்று தலைப்பு. 'களைத்துறையில் நீண்ட அனுபவமுள்ள ஒருவரை அனுப்பி உதவவும்.'

லவன்னா வர வேண்டிய இடத்தில் ளவன்னா. கலை, களையாகிவிட்டது. தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. களையில் அனுபவம் என்றால் வேறு யாரை அனுப்புவது?

முதல் கூட்டத்துக்கு அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கையில், பத்திரிகைத் தாளில் சுற்றிய சுரண்டி. வாசல் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, மேசையின் நடுவில் போய் உட்கார்ந்தார்.

திட்ட அதிகாரி ஒரு சிங்கள மேடம். நல்ல மனுஷி, எதையும் எழுதிக்கொள்வார். மொழிபெயர்ப்பாளர் ஐம்பதைத் தாண்டிய, தொப்பையுள்ள ஒரு சிங்கள மாத்தயா. சர்க்கார் தமிழ்ப் பரீட்சையில் பாஸ் பண்ணியவர். அவர் நாக்கில் இரண்டு 'ல'வும் ஒன்றுதான்.

"நகர மத்தியில கலை எப்படி இருக்கு என்று மேடம் கேட்கிறா."

"நெறைய இருக்கும்மா" என்றார் கங்காணி. "யாரும் குனிஞ்சு பாக்கிறதில்ல, அதான்."

மேடத்தின் பேனா எழுதத் தொடங்கியது.

"எந்த எந்த இடத்தில்?"

"சாக்கடை ஓரம். மதில் வெடிப்பு. மார்க்கட்டுக்குப் பின்னால. பெரிய மனுசங்க போற வழியில இருக்காது. இருந்தா உடனே எடுத்துடுவாங்க."

மேடம் பேனாவை வைத்துவிட்டு அவரை ஒரு கணம் பார்த்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"இது உள்ளூர்க் கலையா, வெளியில இருந்து வந்ததா?"

"கொஞ்சம் வெள்ளைக்காரன் கொண்டாந்தது. கொஞ்சம் காத்துல வந்தது. வந்து ரொம்ப காலமாச்சு, இனி எது உள்ளூரு, எது வெளியூருன்னு எப்புடிப் பிரிக்கிறது?"

"இளைஞர்கள் இதில் ஈடுபடுறாங்களா?"

"எங்கம்மா! இப்ப எல்லாம் மருந்துதான். குனியணும், முதுகு வலிக்கும்னு மருந்த அடிச்சிடுறானுங்க. அரைப்பேரு வேல. மேல செத்த மாதிரி இருக்கும், அடுத்த மழைக்கு அப்புடியே வந்து நிக்கும்."

மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தி, தோட்டத்து இளைஞர்களிடையே போதைப்பொருள் பழக்கம் பற்றி மேடத்திடம் இரண்டு நிமிடம் விளக்கினார். மேசை முழுவதும் தலையை ஆட்டியது.

எனக்கு விஷயம் அப்போதே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். எத்தனையோ கூட்டம் பார்த்தவன் நான். ஒரு தோட்டத்து மனிதர் பேச, அத்தனை அதிகாரிகள் பேனாவோடு கேட்டுக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன் நடுவில் போய், "இது லவன்னா" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நகர மத்தியில் உள்ளவற்றைப் பட்டியல் போடும் பொறுப்பைக் கூட்டம் அவருக்கே கொடுத்தது. எழுதுவதற்கு நான். மூன்று நாள் நடந்தோம். அவர் குந்துவார், பெயர் சொல்வார், நான் எழுதுவேன், அவர் திருகி எடுப்பார். எடுத்தால் பட்டியலில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "வேரு ஒண்ணு உள்ள இருக்கு நானா, கவலப்படாதீங்க. அதுங்க வந்துடும்" என்றார். பதினொன்று தேறியது. நாயுருவி, குப்பைமேனி, எருமைப்புல், மூக்குத்திப்பூண்டு என்று, இடத்தோடு.

ஒரு மாதத்தில் மாதிரிப் புத்தகம் வந்தது, கலரில். 'நகர மத்தியின் வாழும் கலைகள், பதினொன்று' என்று சிங்களத்தில் தலைப்பு. மொழிபெயர்ப்பாளர் அகராதியை வைத்துப் பெயர்களைப் பிரித்திருக்கிறார். கொழும்பில் யாரோ ஓவியர் அதற்குப் படம் போட்டிருக்கிறார். எருமைப்புல்லுக்குக் கொம்பு வைத்த முகமூடி ஆட்டம். நாயுருவிக்கு நாய் வேஷம் போட்ட இரண்டு பேர். மூக்குத்திப்பூண்டு ஒரு நகைத்தொழில். குப்பைமேனிக்கு உடம்பெல்லாம் பிளாஸ்டிக் போத்தல் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஆடுகிறாள்.

கங்காணி அந்தப் பெண்ணை வெகுநேரம் பார்த்தார். "படம் போட்டவரு குப்பைமேனிய நேருல பாத்ததில்ல போல" என்று மட்டும் சொன்னார்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நகர வரைபடம். அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி பஸ் நிலையச் சுவரிலும் ஒட்டினார்கள். கலை இருக்கும் இடங்களில் மஞ்சள் புள்ளி. அங்கே எதையும் அகற்ற மாட்டார்கள். மற்ற இடங்கள் திட்டத்துக்கு. ஸ்பிரிங்வெளி பஸ் வந்து நிற்கும் மூலையில் ஒரு நீல வட்டம். நீரூற்று.

அந்த மூலையில்தான் வடை அக்கா இருக்கிறா.

தெமோதரைக்காரி. கண்ணாடிப் பெட்டி, எண்ணெய்ச் சட்டி, ஒரு முக்காலி, காலடியில் ஒரு சாக்கு. பருப்பு வடையும் அவித்த கடலையும். வீட்டில் அடுப்பு எரிவதே இந்த அடுப்பை நம்பித்தான். மழைக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாத் தோட்டத்துச் சனமும் அவவின் படங்குக்குக் கீழேதான் நிற்கும். கங்காணியும் பஸ் வரும்வரை அங்கேதான் ஒரு பெட்டியில் உட்கார்ந்திருப்பார். அவவுக்கு அவரைச் சீண்டாவிட்டால் வடை வேகாது. "என்ன கங்காணியாரே, என் வடைக்குப் பேரு சொல்லிட்டுத்தான் திம்பீங்களா?" என்பா. "பருப்பு வடை" என்று சொல்லிவிட்டுத்தான் அவரும் கடிப்பார்.

அக்கா கடைக்கு ஓடி வந்தா. கையில் மாவு.

"நானா, நான் இருக்கிற இடத்துல நீலமா ஒரு வட்டம் போட்டிருக்காங்க. அது என்னாங்க?"

சொன்னேன். அக்கா விரலில் ஒட்டிய மாவை உரசி எடுத்தா.

"தண்ணி மேல போயி கீழ விழுறதுக்கா?"

"ஓம்."

"அதான் இங்க தெனமும் வானத்துலேர்ந்தே விழுதே!"

புத்தகத்தில் திருத்தம் சொல்ல இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் புள்ளி ஒன்று விழுந்தால் நீல வட்டம் நகரும். பட்டியலில் பெயர் சேர்க்கும் உரிமை கங்காணிக்கு மட்டும்தான். ஆக, இனி மறைக்க முடியாது. அடுத்த கிழமை அவர் டவுனுக்கு வந்ததும் அக்காவின் கடையில் வைத்தே சொன்னேன்.

"கங்காணி, கோவிக்காதீங்க. அவங்க கேட்டது களை இல்ல. கலை. ஆட்டம், பாட்டு, கூத்து."

அவர் வாயில் போட்ட வடை அப்படியே நின்றது.

"அப்ப அந்தக் கடுதாசி?"

"எழுத்துப் பிழை."

"மூணு நாளு நடந்தமே நானா. நீங்க தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல்ல?"

"அந்த மேசையில உங்கள அவ்வளவு மரியாதையாக் கேட்டாங்க. நடுவுல வெட்ட மனசு வரல்ல."

அவர் முகம் சுருங்கிவிட்டது. கேலி செய்யப்பட்டதற்காக இல்லை. "பேரெல்லாம் தப்பாப் போயிருச்சே. நாளைக்கே போயி சொல்லிறணும். பேரு தப்பாப் போனா அப்புறம் என்னா பெரட்டு?"

"சொல்லுங்க, நல்லா சொல்லுங்க" என்றா அக்கா, கரண்டியைச் சட்டியில் தட்டி. "சொல்லிட்டு வாரப்ப நான் இருக்க மாட்டேன். இந்த எடத்துல மீனு நீந்தும். அதுகிட்ட வடை கேளுங்க."

நான் குறுக்கே புகுந்து, பன்னிரண்டாவதாக வடையைச் சேர்த்துவிடலாமே, அதுவும் ஒரு கைத்திறன்தானே என்றேன்.

"எந்தத் தலைப்புக்குக் கீழ?"

"அதே தலைப்புதான்."

"லவன்னாவா, ளவன்னாவா?"

பட்டியல் தாளில் தமிழ்த் தலைப்பு அப்படியேதான் இருந்தது.

"ஒரு மனுசியக் கொண்டுபோயி களைக்குக் கீழ எழுதச் சொல்றீங்க."

"அவங்க கலைன்னுதானே கங்காணி வாசிப்பாங்க?"

"வாசிக்கிறது அவங்க பாடு. எழுதுறது என் பொறுப்பு." குரல் உயரவில்லை. "எங்கப்பாவ அப்புடித்தான் ஒருத்தன் பட்டியல்ல எழுதினான், இந்தியாவுக்குக் கப்பல் ஏத்துறதுக்கு. தோட்டத்துல பாதிப் பேர அனுப்பினாங்க. அவன் எழுதின பேரு தப்பாப் போனதால அந்தப் பேருல ஆளு இல்லன்னு விட்டுட்டாங்க. அதுவரைக்கும் அவரு ஒவ்வொரு நாளும் மூட்டையக் கட்டி வச்சிருந்தாரு."

அக்கா வடையைத் திருப்பிப் போட்டா.

"அப்ப ஒருத்தன் பேரத் தப்பா எழுதினதாலதான் நீங்க இங்க குந்தி என் வடையத் திங்கிறீங்க. அப்புடித்தானே கங்காணியாரே?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். அவவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த மூலையை ஒரு சுற்றுப் பார்த்தார், மதில், சாக்கடை, படங்கின் கால்கள் என்று. பிறகு பெட்டியிலிருந்து இறங்கிக் குந்தினார். எப்போது குந்தினாலும் அவர் கண் நேராக இடத்துக்குப் போகும். அன்றைக்கும் போனது, முக்காலிக்குக் கீழே கிடந்த சாக்குக்கு.

"அந்தச் சாக்க எடு புள்ள."

"எதுக்கு? அங்க ஒண்ணும் இல்ல."

"எடு."

"கை கழுவுற எடம், அழுக்கு."

"எடுன்னா எடு!"

அக்கா அசையவில்லை. அவரே இழுத்தார். சாக்குக்குக் கீழே, ஈர மண்ணில், சாண் உயரத்துக்கு ஒரு செடி. அக்கா அகப்பட்டுக்கொண்ட முகத்தோடு சொன்னா: "ரொம்ப நாளா இருக்கு. கை கழுவுற தண்ணியக் குடிச்சே வளருது. ஒங்க தலை தெரிஞ்சா சாக்க இழுத்து மூடிருவேன். யாவாரம் இல்லாத நேரம் தொட்டுப் பாப்பேன், மூடிக்கும். ஒண்ணே ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமேன்னு."

"தொட்டாச்சுருங்கி" என்றார் கங்காணி.

இரண்டு விரலும் தண்டைப் பிடித்தன. இலையெல்லாம் மளமளவென்று மூடிக்கொண்டன. அக்கா கண்ணை மூடிக்கொண்டா. நான் அந்தத் திருகலுக்காகக் காத்திருந்தேன். எத்தனையோ தடவை பார்த்த திருகல். கண்ணிமைக்கும் நேரம் பிடிக்காது.

விரல் விட்டுவிட்டது. ஒன்று ஒன்றாகத்தான் விட்டது.

"எழுதுங்க நானா. பன்னெண்டு. தொட்டாச்சுருங்கி. வடைக்கடை முக்காலிக்குக் கீழே. ஒன்று." கொஞ்சம் யோசித்தார். "தண்ணி ஊத்துற ஆளு அங்க இருந்தாத்தான் இருக்கும். அதையும் எழுதுங்க. எல்லாம் சரியான பேரு. ஒரு பொய் கிடையாது."

பன்னிரண்டாவது கலை நீரூற்றுக்குள் வருகிறது என்றதும் மாகாணத்திலிருந்தே ஆள் வந்தார்கள். எல்லோரும் 'சேர்' என்று கூப்பிடும் பெரிய அதிகாரி ஒருவர், மேடம், மொழிபெயர்ப்பாளர். அக்கா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் நின்றா.

"எத்தனை பேர் ஆடுவாங்க?" என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

"ஒண்ணுதாங்க" என்றார் கங்காணி.

"எத்தனை மணிக்கு?"

"தொட்டா ஆடும். குந்தணும். நின்னுக்கிட்டு பாக்க ஏலாது."

பெரிய சேர் காற்சட்டையை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு குந்தினார். அவர் குந்தியதால் எல்லோரும் குந்தினோம். கங்காணி சாக்கை விலக்கி, பெயரைச் சொல்லி, தொட்டார். இலைகள் மூடின.

"நிதிகும்பா!" என்றார் பெரிய சேர். சிங்களத்தில் அந்தச் செடிக்கு அதுதான் பெயர்.

மேடம் புத்தகத்தைப் புரட்டினார். போத்தல் கட்டிய பெண், நாய் வேஷம், கொம்பு. அவர் முகம் சிவந்து வந்தது. "இதுவா கலை?" என்றார், தமிழிலேயே.

"நான் களைன்னுதான்மா எழுதினேன்." கங்காணி சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட கடுதாசியை எடுத்து நீட்டினார். "நீங்க கேட்டது இதத்தான்."

பெரிய சேர் அதை வாங்கி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்தது. "ரெண்டும் 'ல'தான் சேர். ஒண்ணுக்கு நாக்கை உள்ளுக்கு மடிக்கணும். நான் மடிக்கல்ல."

பெரிய சேர் நாக்கை மடித்துச் சொல்லிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து உடைந்த தமிழில் சொன்னார்: "எங்க பாசையிலயும் ரெண்டு இருக்கு. சின்ன வயசுல அதுக்கு நான் நல்லா அடி வாங்கியிருக்கேன்." அதை மறந்திருந்தவர் போல, தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

புத்தகம் மேலே போய்விட்டது, மேலே பாராட்டியும் விட்டார்கள். இனித் திருத்துவது என்றால், பிழை எங்கள் பிழைதான் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூன்று பேரும் அப்போது முக்காலியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். யாரும் எழும்பவில்லை. மூடிய இலை திறக்கிறதா என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா ஆளுக்கொரு வடை கொடுத்தா. ஸ்பிரிங்வெளி பஸ் வந்து, இத்தனை பெரிய மனுஷர்கள் குந்தியிருப்பதைப் பார்த்து, ஹோர்ன் அடிக்காமல் நின்றது.

முதல் இலை திறந்தது. பெரிய சேர் சுண்டுவிரலால் இன்னொரு தடவை தொட்டார். அது மறுபடி மூடிக்கொண்டதும் சிரித்தார். எழுந்து, மேடத்திடம் மார்க்கட் பக்கத்தைக் கை காட்டி, நீரூற்றை அங்கே போடச் சொன்னார்.

பிறகு நாட்டில் காசில்லாமல் எல்லாமே நின்றுபோனது. நீரூற்று அங்கேயும் வரவில்லை, எங்கேயும் வரவில்லை. மார்க்கட் பக்கத்தில் அதற்காக எழுப்பி அனுப்பிய சனம் மட்டும் திரும்பி வரவில்லை. திட்டத்தில் மிஞ்சியது ஒரே ஒரு பலகை. அது வடைக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது: 'பாதுகாக்கப்பட்ட கலை. தொட வேண்டாம்.' ஒரு தடவை பட்ட அவமானத்தில், மொழிபெயர்ப்பாளர் நாக்கை மடித்துப் பார்த்து, நாலு பேரிடம் கேட்டு, லவன்னாவைச் சரியாகப் போட்டிருந்தார்.

கங்காணிக்கு அதைத் தாங்க முடியவில்லை. "இது அரைப்பேரு போர்டு" என்று, என் கடைப் பெயின்டை வாங்கிக்கொண்டு போய், லையை அழித்து ளை எழுத வைத்தார். நான்தான் எழுதினேன்.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருநாள் வருவார். பெட்டியில் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொள்வார். வடையைக்கூட அக்காதான் தாளில் வைத்து வாய்க்கிட்ட நீட்ட வேண்டும். பஸ் வந்ததும் எழுந்து, செடியைப் பார்த்து, பெரட்டுக் குரலில், "தொட்டாச்சுருங்கி!" என்று கூப்பிடுவார். செடி எங்கே பேசும்? அதற்காக அக்காதான் குரல் கொடுப்பா: "இருக்கேன்!" அதைக் கேட்ட பிறகுதான் பஸ்ஸில் ஏறுவார்.

கடைசியில் மகள் வத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. அங்கே முற்றமெல்லாம் சீமெந்தாம். அந்தக் கை அங்கே என்ன செய்ததோ தெரியாது. போன வருடம் அவர் தவறிய செய்தி வந்தது.

செடி இப்போது முக்காலிக்கு வெளியிலும் வந்துவிட்டது. ஊதாப் பூ பூக்கிறது. அக்கா வழிக்கு இடைஞ்சல் என்று திட்டிக்கொண்டே கை கழுவுகிறா, அதன் தலையிலேயே. நான் கடையைப் பூட்டிவிட்டு அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். அவருடைய குரல் எனக்கு வராது. இருந்தாலும் ஒரு தடவை கூப்பிடுவேன்.

"தொட்டாச்சுருங்கி!"

சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா சொல்லுவா:

"இருக்கேன், நானா."